வளைவு முனிக்கு ஒரு கால் போத்தல்

டிக்கோயா,
2025 செப்டம்பர் 10

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கைக்கு வந்து பன்னிரண்டு நாளாகிறது. உடனே எழுத உட்கார்ந்தேன், வீட்டில் ஒரு கூத்து நடந்து கை ஓடவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். போனில் பேசலாம் என்றால் நீ "என்னா? என்னா?" என்கிறாய். நான் கத்துகிற சத்தத்தில் அடுத்த காம்பராவில் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்க்கிறார்கள். நம் காதுக்குக் கடிதம்தான் தோது.

இங்கே மழை விட்டபாடில்லை. கொழுந்து இருக்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை. நாட்சம்பளம் 1,350 ரூபாயில் நிற்கிறது, பொடியன்கள் எல்லாம் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். என் முழங்கால் பழையபடிதான். என் தங்கச்சிக்குச் சுகர் குறைந்திருப்பதாக எழுதியிருந்தாய், சந்தோஷம்.

உன் பேரன் போனில் ஏதோ படம் காட்டி, இங்கிலாந்து இளவரசி டயானாவைக் கொன்றதே அரண்மனைக்காரர்கள்தான் என்று அடித்துச் சொல்கிறானாம். "நீ முப்பது வருஷம் லொறி ஓட்டினவன், நீ என்ன சொல்ற?" என்று கேட்டிருக்கிறாய். 28 வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன மகராசியைப் பற்றிக் கோத்தகிரியிலிருந்து டிக்கோயாவுக்கு ஒரு விசாரணை! சிரித்தேன். ஆனால் கேட்டது நீ, அதனால் ஒழுங்காகவே பதில் சொல்கிறேன்.

உனக்கு அந்தப் பெயரில் எங்கள் வீட்டில் ஒருத்தி இருப்பது ஞாபகம் இருக்கும். 1981இல் அந்தக் கல்யாணப் படம் வந்த பேப்பரை உன் தங்கச்சி காம்பராச் சுவரில் ஒட்டினாள். அடுத்த வருஷம் பிள்ளை பிறந்ததும் பெயருக்கு யோசிக்கவே இல்லை. நீ தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறப் புறப்பட்ட அன்றைக்கு எங்கள் டயானா கைக்குழந்தை. உன் சட்டையில் பால் கக்கினாள், நீ மாற்றுச் சட்டை இல்லாமல் அதோடேயே ரயில் ஏறினாய்.

1997 செப்டம்பர் 6 சனிக்கிழமை, அந்த அம்மாவின் சவ ஊர்வலம். நம் லயத்தில் அப்போது கரண்ட் கிடையாது. மூன்றாம் காம்பராவில் மட்டும் ஒரு கறுப்பு வெள்ளை டீவி, அதற்குக் கார் பேட்டரி. முப்பது நாற்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் இரண்டு பேரும் பெட்டிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிற நேரத்தில் பேட்டரி இறங்க ஆரம்பித்தது. படம் நாலு பக்கமும் சுருங்கிச் சுருங்கி ஒரு தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. பொம்பிளைகள் ஒரே சத்தம். நான் ஓடிப்போய் இஸ்டோர் லொறியின் பேட்டரி ஒன்றைக் கழற்றித் தோளில் சுமந்து வந்தேன். துரைக்குத் தெரிந்திருந்தால் வேலை போயிருக்கும். உன் தங்கச்சி அன்றைக்கு அழுத அழுகை, அவள் மாமியார் செத்ததற்குக்கூட அழவில்லை. (மாமியார் என் அம்மாதான். நியாயமாகத்தான் அழவில்லை.)

அதற்குப் பிறகு அந்த விஷயமாகப் பேப்பரில் வந்ததையெல்லாம் வெட்டி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாள். அவள் போனபிறகும் டின் இருக்கிறது. உன் கடிதம் வந்த இரவு அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படித்ததை அப்படியே சொல்கிறேன், பேரனுக்கும் காட்டு.

வண்டியை ஓட்டியவன் பெயர் ஹென்றி போல். பாரிஸில் ரிட்ஸ் ஹோட்டலின் பாதுகாப்புப் பிரிவில் இரண்டாம் நிலைப் பொறுப்பு. அவன் டிரைவரே இல்லை மச்சான். அந்த மாதிரி வண்டியைக் கூலிக்கு ஓட்டுவதற்கான தனி லைசன்ஸும் அவனிடம் கிடையாது. அன்றைக்கு மாலை வேலை முடிந்து போய்விட்டான். இரவு பத்து மணி வாக்கில் திரும்பக் கூப்பிட்டார்கள். ஹோட்டல் பாரில் ரிக்கார்ட் என்கிற சோம்பு வாசனைச் சாராயம் இரண்டு கிளாஸ் குடித்திருக்கிறான். பக்கத்தில் இருந்த மெய்க்காவலர்கள், அது சாராயம் என்று தங்களுக்குத் தெரியாது என்று பிறகு சொன்னார்கள். நடுச்சாமம் 12.20க்குப் பின்வாசல் வழியாகப் புறப்பட்டது மெர்சிடிஸ். மூன்று நாலு நிமிஷத்தில் ஆல்மா சுரங்கப்பாதையின் 13ஆம் தூணில் மோதி நின்றது. 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாத இடத்தில் நூறைத் தாண்டிய வேகம். இரத்தத்தைப் பார்த்தபோது பிரான்ஸ் சட்டம் அனுமதிக்கிற அளவைப்போல மூன்று மடங்குக்கு மேல் மது. காரில் இருந்த நாலு பேரில் ஒருவர்கூட சீட் பெல்ட் போடவில்லை. மூன்று பேர் போனார்கள். அந்த அம்மாவுக்கு வயது 36.

படம் பிடிக்கிறவர்கள் மோட்டார் சைக்கிளில் விரட்டினது உண்மைதான். 2008இல் லண்டனில் ஜூரி தீர்ப்புச் சொன்னபோது, பின்னால் துரத்தியவர்கள் ஓட்டிய விதம், ஹென்றி போல் ஓட்டிய விதம் இரண்டையும் சேர்த்தே குற்றம் சொன்னார்கள். சதி என்கிற பேச்சை லண்டன் பொலிஸ் தனியாக விசாரித்து, அப்படி ஒன்றும் இல்லை என்று 2006இலேயே பெரிய அறிக்கை கொடுத்துவிட்டது. சதி என்று பல வருஷம் சொன்னவர்களில் முக்கியமானவர் கூடவே செத்த டோடியின் அப்பா. ஹோட்டலும் அவருடையது, ஓட்டியவனும் அவருடைய ஆள். பெற்றவனுக்கு வேறு என்னதான் வாய்க்கு வரும்? அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் உன் பேரனுக்கு என்ன வந்தது?

எனக்கு ஒன்று தோன்றுகிறது. அவ்வளவு பெரிய மனுஷி இரண்டு கிளாஸ் சாராயத்தில் செத்தாள் என்றால் மனசு ஒப்பமாட்டேன் என்கிறது. ராணி, உளவாளி, வெள்ளைக் கார் என்று ஏதாவது வேண்டியிருக்கிறது. நாமும் அப்படித்தானே? மேல் டிவிஷனுக்குத் திரும்புகிற இரண்டாவது வளைவை மறந்திருக்கமாட்டாய். நீ போன பிறகு அங்கே ஒரு திருவிழா இரவில் வேன் உருண்டு இரண்டு பொடியன்கள் செத்தார்கள். வேனுக்குள் நாலு போத்தல் உடைந்து கிடந்ததைப் போய்ப் பார்த்தவன் நான். மறுநாள் தோட்டம் முழுக்க "முனி அடிச்சிருச்சி" என்றுதான் பேச்சு. ஒரு கல்லை நட்டு, சூலம் குத்தி, சிவப்புத் துணி கட்டினார்கள். முனிக்குப் படையல் என்ன தெரியுமா? சுருட்டு, கருவாடு, ஒரு கால் போத்தல் சாராயம். இன்றைக்கும் புது வண்டி எடுப்பவன் அங்கே நிறுத்தித் தேங்காய் உடைத்து, முனிக்கு மூடியில் ஊற்றிவிட்டு மிச்சத்தைத் தான் குடித்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறான்.

நான் யோக்கியன் என்று இதையெல்லாம் எழுதவில்லை. உனக்கு எழுதாத ஒன்று இருக்கிறது, 1991இல் நடந்தது. கொழும்பில் தேயிலைப் பெட்டிகளை இறக்கிவிட்டு வெறும் லொறியோடு திரும்புகிறேன். அவிசாவளையில் ஒரு கால் போத்தல், கித்துல்கலையில் ஒரு கால் போத்தல். குளிருக்கு என்று கணக்கு. குளிருக்குக் குடித்தால் தோல்தான் சூடாகும், உடம்புச் சூடு இறங்கிக்கொண்டே போகும் என்று பிறகு ஒரு டொக்டர் சொல்லித்தான் தெரியும். எலுமிச்சைத் தண்ணீர் குடித்தால் தெளிந்துவிடும் என்பதும் பொய்யாம். ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யுமாம்.

கினிகத்தேனை ஏற்றத்தில் மூடுபனி. ஒரு கொண்டையூசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நினைப்புக்கும் கைக்கும் நடுவில் ஒரு நொடி இருந்தது மச்சான், அந்த ஒரு நொடி எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. லொறி நின்றபோது இடது பின்பக்கம் இரட்டைச் சக்கரத்தில் வெளிச்சக்கரம் அந்தரத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே பள்ளத்தில் ஆற்றுச் சத்தம். கிளீனர் பொடியனுக்குப் பதினெட்டு வயது. இறங்கினான், கல் பொறுக்கி முன்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான், டோர்ச் அடித்து எனக்கு வழி காட்டினான். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு நிற்கிறான். கணக்கப்பிள்ளை கேட்டதற்கு, "லொறி ஒத்துக்கல ஐயா, வாந்தி வருது" என்றானாம்.

அவன் அவிசாவளையிலேயே "வேணாம் அண்ணே" என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா? கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். அதனால்தான் அவன் சொல்லவில்லை.

ஹென்றி போல் விஷயத்தில் எனக்கு உறுத்துவதும் இதுதான். முதலாளி மகன் காத்துக்கொண்டிருக்கிறான், வா என்று கூப்பிடுகிறார்கள். "நான் தண்ணி போட்டிருக்கேன், வேற ஆளப் பாருங்க" என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? ராத்திரியில் பங்களாவிலிருந்து ஆள் வந்து "துரை கூப்பிடுறாரு, வண்டியை எடு" என்றால் நான் ஒருநாளாவது சொல்லியிருக்கிறேனா? ஒரு வாய் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு ஓடுவேன். ஓட்டுபவனால் சொல்ல முடியாது, ஏறுகிறவர்கள் கேட்பதில்லை. சாவி மட்டும் கை மாறிக்கொண்டே இருக்கும்.

சரி, வீட்டுக் கூத்துக்கு வருகிறேன். ஆவணியில் அட்டனில் ஒரு கல்யாணம். டயானாவைக் கட்டிய எங்கள் மாப்பிள்ளையின் வேனில் குஞ்சு குருமானோடு பதினொரு பேர் போனோம். சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளையும் கூட்டாளிகளும் மண்டபத்துக்குப் பின்னால் போய் வந்தார்கள். இரவு பத்து மணி, தூறல். எல்லாரும் ஏறியாயிற்று, நான் முன்சீட்டில். அவர் ஏறினதும் வாடை வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கிவிட்டேன். அவ்வளவுதான். மருமகனிடம் எப்படிச் சொல்வது?

டயானா பின்னாலிருந்து இறங்கி வந்தாள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு, சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள். "எல்லாரும் இறங்குங்க" என்றாள். மாப்பிள்ளை சத்தம் போட்டார். கல்யாண வீட்டுச் சனம் பூராவும் வேடிக்கை. "ஆம்பளைய இப்புடியா அசிங்கப்படுத்துறது?" என்று ஒரு கிழவி. அப்போது நான் சொன்னேன் பார், எழுதவே கூச்சமாக இருக்கிறது: "போவம் புள்ள, மெதுவா ஓட்டுவாரு." கினிகத்தேனையில் சக்கரம் அந்தரத்தில் சுற்றியதைப் பார்த்த நானே சொன்னேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மண்டபத்துத் திண்ணையில் பாயை வாங்கிப் பிள்ளைகளைப் போட்டுக்கொண்டு விடியும்வரை கிடந்தோம். காலையில் பிளேன்டீ குடித்துவிட்டு, அவர் முகம் கழுவி, இரண்டு மணி நேரம் போன பிறகுதான் சாவி வெளியே வந்தது. நம் நாட்டுச் சட்டத்தில் 100 மில்லிலீட்டர் இரத்தத்துக்கு 80 மில்லிகிராம்தான் எல்லை, பிடித்தால் தண்டம் 25,000 ரூபாய்க்குக் குறையாது, லைசன்ஸும் நிற்கும் என்று வழியெல்லாம் சட்டம் பேசியவன் நான்தான். ராத்திரி பேசியிருக்க வேண்டியதைக் காலையில் பேசினேன்.

வீடு வந்து நாலாம் நாள், எல்ல ஊர் ரோட்டில் பஸ் பள்ளத்தில் விழுந்து தங்காலையிலிருந்து சுற்றுலா வந்தவர்களில் 15 பேர் செத்த செய்தி. அதன் காரணம் வேறாக இருக்கலாம். இருந்தாலும் டீவியில் அந்தப் பள்ளத்தைக் காட்டியபோது எங்கள் வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை எழுந்து போய் வேனைக் கழுவ ஆரம்பித்தார், கொட்டுகிற மழையில்.

இன்னும் அவர்களுக்குள் சரியான பேச்சு இல்லை. "சோறு", "தண்ணி", "பிள்ளைய கூப்பிடு", இவ்வளவுதான். அவர் தினமும் காலையில் எழுந்ததும் அவளிடம் போய்க் கையை நீட்டுகிறார், அவள் மோந்து பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுக்கிறாள். இரவில் அதை எங்கே வைக்கிறாள் என்று அவருக்கும் தெரியாது. நேற்று நைசாக நானும் கேட்டுப் பார்த்தேன். "ஒங்களுக்கு மட்டும் சொல்லவே மாட்டேன்" என்றாள்.

அந்தப் பக்கமிருந்து யாராவது வந்தால் ஒரு போத்தல் நீலகிரித் தைலம் கொடுத்துவிடு. இங்கே கிடைப்பதில் காரமே இல்லை, முழங்காலுக்கு எட்டுவதில்லை. என் தங்கச்சியையும் பேரனையும் கேட்டதாகச் சொல்.

உன் மச்சான்,
பழைய லொறிக்காரன்