மோர்பின் உறையோடு ஒரு தமிழ்த் தாளும் கொடுங்கள்

கொழும்பு மாவட்டத்தில் புற்றுநோய்க் கிளினிக் நடத்தும் வைத்தியர்களுக்கும் மருந்தாளர்களுக்கும்,

கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆட்கள் மட்டுமல்ல, ஹட்டனில் இருந்தும் மட்டக்களப்பில் இருந்தும் வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கிச் சிகிச்சை எடுப்பவர்களும் உங்களிடம்தான் வருகிறார்கள். கடும் வலிக்கான மோர்பின் குளிசை அவர்கள் கைக்குக் கிடைக்கிறது. அதை எப்படிக் கொடுப்பது என்பது தமிழில், எழுத்தில் கிடைப்பது அரிது. 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி.

விளக்கம் இல்லாத வீட்டில் வலி பொறுக்க முடியாமல் போனபின்தான் குளிசை கொடுக்கிறார்கள். வலி அடங்கியதும் நிறுத்துகிறார்கள். நாலைந்து நாளில் மலம் இறுகி வயிறு ஊதுகிறது. "இது கடைசி மருந்து, ஆளைப் பழக்கிப்போடும்" என்ற பயமும் சேர, உறை அலுமாரிக்குள் போய்விடுகிறது.

ஆகவே தாளில் மணியையே எழுதுங்கள். 5 மில்லிகிராம் சாதாரணக் குளிசை என்றால் காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6 மணிக்கு ஒவ்வொன்று. இரவு 10க்கு இரண்டு, நடுச்சாமத்தில் எழுப்பத் தேவையில்லை. நாளுக்கு 30 மில்லிகிராம். இடையில் வலி கிளம்பினால் அதில் ஆறிலொரு பங்கு, அதாவது மேலதிகமாக ஒரு குளிசை. எத்தனை தரம் அப்படிக் கொடுத்தார்கள் என்று குறித்துவரச் சொல்லுங்கள். அடுத்த அளவை அதை வைத்துத்தான் நீங்கள் தீர்மானிக்க முடியும்.

குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் குறையும். மலச்சிக்கல் குறையாது. மலமிளக்கியான சென்னாவோ பிசாகோடிலோ அதே மருந்துத் துண்டில், முதல் நாளே எழுதப்பட வேண்டும். இது ஒன்றைத் தவறவிட்டாலே மற்றதெல்லாம் வீண். மருந்தை மெதுவாக விடும் 12 மணிநேரக் குளிசையை இடிக்கவோ கரைக்கவோ கூடாது. சிறுநீரகம் பழுதானவருக்கு அளவும் இடைவெளியும் வேறு. தட்டி எழுப்பியும் எழும்பாவிட்டால், மூச்சு மந்தமானால் உடனே ஆஸ்பத்திரி.

இன்னொன்று: "இனிச் செய்ய ஒன்றுமில்லை" என்றபின்தான் நோய்த்தணிப்புப் பிரிவுக்கு, அதாவது வலியையும் அவதியையும் குறைக்கும் பராமரிப்புக்கு, அனுப்புவது என்று இருக்காதீர்கள். 2010இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளர் 151 பேரில், தொடக்கத்திலேயே இப்பராமரிப்புப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது. இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. கீமோவும் இதுவும் ஒன்றாகவே நடக்கலாம் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்.

தாளின் அடியில் ஒரு தொலைபேசி இலக்கம் போடுங்கள். இரவிலும் தமிழில் பதில் சொல்லும் தாதி ஒருவர் அதில் இருக்கட்டும்.