எட்டுச் சாய்மனைக் கதிரையும் ஒரு பூட்டும்

யாழ்ப்பாணம்

அன்பின் மச்சான்,

இவ்வளவு காலமும் பதில் போடாததுக்கு ஏசு, வாங்கிக்கொள்ளுறன். உன்ர கடைசிக் கடிதத்துக்குப் பிறகு சும்மா இருக்கேலாமல் கிடக்கு. இஞ்ச எல்லாரும் சுகம். சாத்திரிக்கு அதே சைக்கிள், அதே பொய்.

ஊர் வீட்டை, மனநெருக்கடியில தவிக்கிற ஆக்கள் ஒரு நாள் தங்கிப்போற இடமாக்கப் போறாய், நடு ஹோலில எட்டுச் சாய்மனைக் கதிரை போடப்போறாய். உங்கட வொஷிங்டன் மாநிலம் 2023இல சட்டம் போட்டுத் துவங்கின 23 மணித்தியால மனநெருக்கடி நிலையத்தைப் பாத்து வந்த ஆசை எண்டு விளங்குது. பொலிஸ் கொண்டந்து விட்டால் மாட்டன் எண்டு சொல்லேலாது, ஆளைப் பொதுவா ஒரு நாளுக்குமேல வைச்சிருக்கவும் ஏலாது. நல்ல சட்டம்தான். ஆனால் உனக்குக் கதிரைதான் கண்ணில பட்டிருக்கு.

இஞ்சத்தைய சங்கதியைக் கேள். மனநோய்க்கெண்டு எங்களிட்ட இருக்கிறது 1873ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம், கடைசியாத் திருத்தினது 1956இல. 2005இல அமைச்சரவை ஒரு மனநலக் கொள்கையை ஏற்றது. புதுச் சட்டத்துக்கு வரைவும் எழுதிச்சினம், அது வரைவாவே கிடக்குது. தமிழ்நாட்டில ஏர்வாடியில மனநோயாளரைக் கட்டி வைச்சிருந்த கொட்டிலில 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி சங்கிலியோட 28 பேர் எரிஞ்சு செத்தவை. அதுக்குப் பிறகும் இந்தியாவில சங்கிலியைச் சட்டத்தால தடுக்க 2017 ஆச்சுது. அந்தச் சட்டத்தில அவசர சிகிச்சைக்கு 72 மணித்தியாலம் எண்டு ஒரு எல்லையாவது இருக்கு.

எங்கட நாட்டில நீ பதியலாம். தனியார் மருத்துவ நிறுவனமெண்டால் 2006ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டம், வருசாவருசம் புதுப்பிக்க வேணும். தொண்டு இல்லமெண்டால் 1980ஆம் ஆண்டு 31ஆம் இலக்கச் சட்டம். போதைக்கு அடிமையான பொடியளை எடுத்தால் 2007ஆம் ஆண்டு 54ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ வேற அனுமதிப்பத்திரம். ஊரில எல்லாரும் 'இல்லம்' எண்ட பேரைத்தான் விரும்புவினம், ஆரும் கேள்வி கேக்கிறது குறைவு. ஆனால் எந்தப் பதிவெண்டாலும், மச்சான், அது வீட்டுக்கும் கட்டிலுக்கும்தான். கதவைப் பூட்டுற அதிகாரம் அதில வராது. வந்த ஆள் 'நான் போறன்' எண்டு எழும்பினால் அவரை மறிக்க உனக்குச் சட்டத்தில இடமில்லை. மறிச்சால் தண்டனைச் சட்டக்கோவையில அதுக்கு வேற பேர். தாய் தேப்பன் கையெழுத்து வைச்சாலும் வளந்த ஆளை அடைக்கிற உரிமை உன்ர கைக்கு வராது. நீ அனுப்பின 12 பக்கத் திட்டத்தில பூட்டைப்பற்றி ஒரு வரி கூட இல்லை!

இனி இரவு. 24 மணித்தியாலமும் ஒரு ஆள் நிக்கவேணுமெண்டால் கிழமைக்கு 168 மணித்தியாலம். ஒரு தாதிக்கு 40 மணித்தியாலம், அதோட லீவும் சுகவீனமும். அப்ப ஒரு இடத்துக்கு அஞ்சு பேர். தனிய ஒராளை விடேலாது, ரெண்டு பேர் நிக்கவேணும், அப்ப பத்துச் சம்பளம். நீ எழுதினது மூண்டு. மிச்ச இரவுகளில காவல்காரரும் கயிறும்தான் பராமரிப்பு எண்டாகும். கெட்ட மனிசர் வேண்டாம், ஆள் குறைஞ்சாலே அந்த நிலை வரும்.

ஆள் வந்த முதல் அரை மணித்தியாலம்தான் உயிர் போற நேரம். சீனி, காய்ச்சல், பிரசர், நாடி, ஒக்சிசன், இந்த அஞ்சையும் பாக்காமல் 'மனப்பிரச்சினை' எண்டு எழுதக்கூடாது. குடிச்சுக்கொண்டிருந்த ஆள் குடியை நிப்பாட்டி ரெண்டாம் மூண்டாம் நாள் கை நடுங்கி, வேர்த்து ஒழுகி, பாயில இல்லாத பூச்சியைப் பொறுக்குவார். வீட்டுக்காரர் விசரெண்டு கட்டிக்கொண்டு வருவினம். அவருக்குத் தேவை ஆஸ்பத்திரியும் விற்றமின் பீ1 ஊசியும். நாங்களும் கட்டிப்போட்டால் விடியமுன்னம் செத்தும் போகலாம். தலையில அடிபட்டதும் இப்பிடித்தான் ஏமாத்தும்.

பிடிக்கவேண்டி வந்தால் குப்புறப் போட்டு முதுகில ஏறக்கூடாது, மூச்சு நிண்டுபோம். அமைதிப்படுத்துற ஊசி போட்டால் முதல் மணித்தியாலம் 15 நிமிசத்துக்கொருக்காப் பக்கத்தில நிண்டு மூச்சை எண்ணி எழுதவேணும், வாசலில நிண்டு எட்டிப்பாக்கிறது கணக்கில்லை. ஆளைக் கட்டிவைக்கிறதைப்பற்றி உங்கட அமெரிக்க மத்திய அரசின்ர விதி ஆஸ்பத்திரிகளுக்குத் தெளிவாச் சொல்லுது. மூர்க்கப்பட்ட வளந்தவரைக் கட்டுற கட்டளை 4 மணித்தியாலத்தில முடியும், ஒரு மணித்தியாலத்துக்குள்ள தகுதியுள்ள ஒராள் நேரில போய்ப் பாக்கவேணும். இங்க ஒருத்தரும் கேக்காட்டிலும் நீ ஒரு கொப்பி போடு: ஆர் கட்டினது, ஏன், எத்தினை மணிக்கு, எத்தினை மணிக்கு அவிழ்த்தது, தண்ணி குடுத்ததா, கக்கூசுக்குக் கூட்டிக்கொண்டு போனதா. அவிழ்த்த நேரம் எழுதாத ஒரு பக்கம் போதும், அந்த இடத்தின்ர குணம் தெரிஞ்சுபோம்.

வீட்டையும் பார். அறைக்கதவு வெளிப்பக்கமாத் திறக்கவேணும், இல்லாட்டில் உள்ளுக்குக் கட்டிலை முட்டுக்குடுத்தால் நீ வெளியில நிண்டு கத்தவேண்டியதுதான். யன்னல் கம்பி, குளியலறைக் கொழுக்கி, கதவுப்பிடி எல்லாம் மாறவேணும். உயரத்தில இருக்கிறதை மட்டும் பாக்காதை, இடுப்பளவுக்குக் கீழ இருக்கிறதும் ஆபத்து. கொட்டிலுக்குள்ள மிச்சம் கிடக்கிற பூச்சிமருந்துப் போத்தல் ஒண்டும் வளவுக்குள்ள இருக்கக்கூடாது. இந்த நாட்டில தற்கொலை வீதம் 1995க்குப் பிறகு அரைவாசிக்கும் கீழ இறங்கினதில ஆகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்ததுக்குப் பெரிய பங்கு. அதாலதான் சட்டத்தில எனக்கு இன்னும் நம்பிக்கை, நீ சிரிச்சாலும்.

என்ர எண்ணம், தனி வீடு வேண்டாம். 1990 எண்ட இலக்கத்துக்கு அடிச்சால் வாற அம்புலன்ஸ் ஆளை அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகும், உன்ர வாசலுக்கு வராது. காசைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரி மாதிரி ஏற்கனவே மனநலப் பிரிவு நடக்கிற இடத்தோட சேர்த்துப் போடு. ரெண்டு இரவுத் தாதி, கூட வந்த சொந்தக்காரர் படுக்க ஒரு அறை, வீட்டுக்குப் போனபிறகு மூண்டாம் நாள் போய்ப் பாக்க ஒராள். இதில உன்ர பேர் எழுதின பலகை வராது. அதுதான் உனக்குக் குறையெண்டால் கதிரையின்ர முதுகில எழுதிவிடுவம்.

ஓமெண்டால் மருத்துவ அத்தியட்சகருக்குக் குடுக்கிற கடிதத்தை நான் எழுதித்தாறன். இல்லை, வீடுதான் எண்டால், பத்துச் சம்பளத்துக்கு அஞ்சு வருசக் கணக்கை முதல் அனுப்பு. மனிசிக்கும் பிள்ளையளுக்கும் அன்பு சொல்லு. எது செய்தாலும் கிணத்துக்குக் கம்பி மூடி இந்தக் கிழமையே போடவேணும், வீடு பாக்கிற குடும்பத்தில நடக்கப் பழகிற பிள்ளை இருக்கு. காசை அண்ணரிட்டக் குடுத்துவிடு, கொத்தரிட்டக் குடுத்தால் மூடி வராது.

உன்ர
மச்சான்