ஒல்லியாக இருந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பில் பள்ளிப் பிள்ளைகளின் உடற்தகுதி பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ‘ஆற்றில் நீந்தி, வரப்பில் நடந்து வளரும் டெல்டா பிள்ளைகளுக்குச் சோதனை எதற்கு? அவர்களின் ஒல்லியான தேகமே சாட்சி’ என்று அதில் ஒரு வரி. 29 வருடம் விசிலும் ஸ்டாப் வாட்சுமாக மைதானத்தில் நின்றவன் நான். இத்தனை வருடமாக வாங்கிப் படிக்கிற பத்திரிகையில் அப்படி ஒரு வரியைப் பார்த்தது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவதுதான் கணக்கு, அதுவும் தண்ணீர் இருக்கிற வருடத்தில். மற்ற மாதங்களில் வெண்ணாற்றில் பிள்ளைகள் எங்கே நீந்துவார்கள்? வரப்பில் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வீட்டு வாசலிலேயே வேன் ஏறுகிறார்கள். 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் தெருப் பிள்ளைகள் டியூஷன் முடிந்து வரும்போதே இருட்டிவிடுகிறது.

ஒல்லி என்றீர்கள். எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள், ஈர்க்குச்சி மாதிரி. எங்கள் மைதானம் சின்னது, சுற்றி வந்தால் 120 மீட்டர்தான். 600 மீட்டர் ஓட ஐந்து சுற்று. மூன்றாவது சுற்றிலேயே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், சிவப்பே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8.2 இருந்தது. வாராவாரம் பள்ளியில் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டிருக்கிறாள். ‘ஒல்லியா இருக்கா, நல்லா ஓடுவான்னு நெனச்சேன் சார்’ என்று அவள் அம்மா அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அதே வகுப்பில் எல்லோரும் ‘மூட்டை’ என்று கூப்பிட்ட பையன் ஐந்து சுற்றையும் நிற்காமல் முடித்தான். உடம்பைப் பார்த்துத் தெம்பைச் சொல்ல முடியாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்த இரண்டு பேர்தான்.

அப்புறம் அந்தக் கட்டுரையின் ஓரத்தில் போட்டிருந்த பிஎம்ஐ அட்டவணை, அதாவது உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் கணக்கு. 18.5-க்குக் கீழே எடைக்குறைவு, 25-க்கு மேல் அதிக எடை என்று போட்டிருக்கிறீர்கள். அது பெரியவர்களுக்கான கணக்கு. பிள்ளைகளுக்கு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2007-ம் வருட அட்டவணைப்படி 10 வயதுப் பையனுக்கு நடுவான அளவே 16.4-தான். 18.5-ஐத் தாண்டினால் அவன் அதிக எடை. நீங்கள் எடைக்குறைவின் எல்லை என்று போட்ட இடத்தில் அவனுக்கு அதிக எடை ஆரம்பிக்கிறது! இதைப் படித்த ஒரு தாய், நன்றாக இருக்கிற பிள்ளைக்கு நெய்யை ஊற்றிக் கொடுக்க மாட்டாரா? கட்டுரை ஒல்லியைப் புகழ்கிறது, பக்கத்துப் பெட்டி அதே பிள்ளையை எடைக்குறைவு என்கிறது. அச்சுக்குப் போகும் முன் இரண்டையும் சேர்த்து ஒருவர் படித்திருக்கலாம்.

சோதனை எதற்கு என்று எழுதியவர் அதை நடத்திப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார். மத்திய அரசின் விளையாட்டுத் திட்டமான கேலோ இந்தியா முறையில் நான்காம் வகுப்பு முதல் 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்தபடி கால்விரலைத் தொடுவது, வயிற்றுப் பயிற்சி, தண்டால் என்று வைத்திருக்கிறார்கள். 50 மீட்டரில் பறக்கிற பிள்ளை 600-ல் திணறும். ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று வளரும் பையன்களால் கால்விரலைத் தொட முடியாது. கால் முந்தி நீண்டுவிடும், மற்றதெல்லாம் மெல்லப் பின்னால் வரும். அது குறையே இல்லை. அதனால்தான் ஒரு பிள்ளையைப் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடாமல், அதன் போன வருடக் கணக்கோடு ஒப்பிடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன். யார் கேட்டார்கள்? பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடு கணக்கு வாத்தியாருக்குப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் மைதானத்தில் முழங்கால் தண்ணீர். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஒரு பிள்ளையும் ஓடாமலே ஆசிரியர் அறையில் உட்கார்ந்து 600 மீட்டர் நேரங்களை ரெக்கார்டில் நிரப்பினார்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றதற்கு ஒரு வருடம் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை. எடை பார்ப்பதைக் காலை வணக்கக் கூட்டத்தில் வைத்துச் சத்தமாக வாசித்த கொடுமையும் நடந்தது. அன்றிலிருந்து அந்த ‘மூட்டை’ப் பையன் மைதானத்துப் பக்கமே வரவில்லை. ஐந்து சுற்று ஓடிய பிள்ளை, ஐயா.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அந்த அட்டவணை பிள்ளைகளுக்குப் பொருந்தாது, வயதுக்கேற்ற அட்டவணையை மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள் என்று நாலு வரி, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். சீக்கிரம் போடுங்கள். எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் அந்தப் பெட்டியைக் கத்தரித்து பீரோவில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
நீடாமங்கலம்