கோடுகளைக் கொஞ்சம் சாய்த்துப் போடுங்கள்

ஆறாம், ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் பெருக்கல் குறி மாதிரி, மூலைமட்டம் வைத்துச் சரியாக 90° வரும்படி இரண்டு கோடுகள் போட்டுக் காட்டினேன். வெட்டும் கோடுகள் என்றார்கள். சரி, செங்குத்துக் கோடுகளா என்று கேட்டால் இல்லையாம். தாளைத் திருப்பிக் கூட்டல் குறியாகக் காட்டியதும் அத்தனை பேரும் செங்குத்து என்று கத்தினார்கள்.

பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. செங்குத்தான மலை, செங்குத்துப் பாறை என்று நாம் பேசும்போது அந்தச் சொல்லுக்கு நிமிர்ந்து நிற்பது என்றுதான் பொருள், ஆனால் வடிவியலில் அதே சொல் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கும் உறவை, அதாவது அவை 90° கோணத்தில் சந்திப்பதைச் சொல்கிறது, எதற்குச் செங்குத்து என்று கேட்காமல் ஒற்றைக் கோட்டை அப்படிச் சொல்லவே முடியாது. கொத்தனாரிடம் இந்தக் குழப்பம் கிடையாது. சுவர் நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு, மூலை சரியா என்று பார்க்க மூலைமட்டம். அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போது மூலையிலிருந்து ஒரு கயிற்றில் 3 அடி, இன்னொன்றில் 4 அடி அளந்து, அந்த இரண்டு இடத்துக்கும் இடையில் நேராக 5 அடி வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் மூலை செங்கோணம். இரண்டு கயிறும் தரையோடு தரையாகத்தான் ஓடுகின்றன, ஆனாலும் ஒன்றுக்கொன்று செங்குத்து. இதை வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பாருங்களேன்.

இணைகோட்டிலும் இப்படித்தான். லேசாகச் சாய்ந்த இரண்டு கோடுகள் படத்தில் தொடாமல் நின்றுவிட்டால் இணைகோடு என்று எழுதிவிடுகிறார்கள். தாளில் இருப்பது கோட்டின் ஒரு பகுதிதான், இரண்டு பக்கமும் அது முடிவில்லாமல் போகிறது, கோட்டின் இரண்டு முனையிலும் போடும் அம்புக்குறிகள் அதற்குத்தான் என்பது மனதில் ஏறவில்லை. அளவுகோலை வைத்து நீட்டச் சொன்னால் எங்கே வெட்டுகின்றன என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம், ஒரே தளத்தில் இருந்து, எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காதவை இணைகோடுகள் என்ற வரையறையில் 'ஒரே தளத்தில்' என்ற வார்த்தையைத் தயவுசெய்து விடாதீர்கள். மேம்பாலத்துச் சாலையும் கீழே குறுக்கே போகும் தண்டவாளமும் சந்திப்பதே இல்லை, அதற்காக அவை இணை ஆகிவிடுமா?

கரும்பலகையில் படங்களைச் சாய்த்துப் போடுங்கள், டப்பாவில் சும்மா கிடக்கும் மூலைமட்டத்தை எடுத்து மூலையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த தேர்வில் ஒரு சாய்ந்த படமாவது வையுங்கள்.

அன்புடன்,
தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தரும் ஒருவர்