மாப்ளே, பட்டறை இனி ஸ்பேர்ஸ் கடை

கும்பகோணம்
மாசி, ஞாயிறு இரவு

மாப்ளே,

ரெஸ்டோர் வேலையை நிறுத்துகிறாயாமே, நிஜமா என்று போன வாரம் போனில் நீ கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். பட்டறையில் ஆள் நின்றிருந்தார், அது ஒரு காரணம். இன்னொன்று, இதை ரெண்டு வரியில் சொல்லி முடிக்க எனக்கு மனசு வரவில்லை. நீயும் நானும் ஒரே மேஸ்திரியிடம் அடி வாங்கி ஸ்பேனர் பிடித்தவர்கள், உனக்கு முழுசாகத்தான் சொல்ல வேண்டும். நீ கேள்விப்பட்டது நிஜம்தான். பழைய மோட்டார் சைக்கிளை முழு வண்டியாக எடுத்து ரெஸ்டோர் பண்ணுவதை, அதாவது புதிது போல ஆக்கிக் கொடுப்பதை, இனி நிறுத்துகிறேன். உள்ளே நிற்கிற மூன்று வண்டியை முடித்துக் கொடுத்ததும் பட்டறை ஸ்பேர்ஸ் கடையாகிறது. பழைய வண்டிக்கான சாமானைத் தேடிப் பிடிப்பது, அளந்து பார்ப்பது, கிடைக்காததை லேத்தில் போட்டுச் செய்வது, பார்சல் கட்டி அனுப்புவது, இனி இதுதான் வேலை.

பணம்தான் காரணமா என்று கேட்பாய். பணமும் உண்டு, உன்னிடம் என்ன மறைப்பு. நம் பக்கத்தில் காசு எப்படி வரும் என்று உனக்குத் தெரியாதா. ஜூன் 12 மேட்டூர் திறந்து, குறுவை போய், சம்பா ஏறி, தையில் அறுத்து நெல்லுப் போட்டு, அந்தக் காசு கைக்கு வந்த பிறகுதான் 'அப்பா வண்டியை ரெடி பண்ணிடலாம்ண்ணே' என்று ஆள் வருவார்கள். அட்வான்ஸ் கொடுத்து வண்டியை நிறுத்திவிட்டுப் போவார்கள். அடுத்த வருஷம் அறுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் வண்டி என்னிடமே கிடக்கும். அவர்கள் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை, வயல் படுத்துவிட்டால் அவர்கள்தான் என்ன செய்வார்கள். ஆனால் குரோம் போட்டுக் கொடுத்தவருக்கும் பெயிண்ட் கடைக்கும் நான் அந்த மாதமே எண்ணி வைக்க வேண்டுமே. ஒரு வண்டிக்கு எட்டு மாதம், பத்து மாதம். வருஷத்துக்கு நாலு வண்டி வெளியே போனால் பெரிது.

ஆளும் இல்லை. நம் டிங்கர் அண்ணன் கரூருக்கு பஸ் பாடி கட்டப் போய்விட்டார். மாதம் பிறந்தால் சம்பளம், போகாதீங்க என்று எந்த வாயால் சொல்வது. டேங்க்கில் தங்கக் கோடு இழுப்பாரே பெரியவர், போர்டு எழுதிக்கொண்டிருந்தவர், ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்த வேலை போய் நம்மிடம் வந்தாரே, அவருக்கு இப்போது கை நடுக்கம். மூச்சைப் பிடித்துக்கொண்டு டேங்க்கில் முட்டி படுகிற இடம் வரை ஒரே இழுப்பாக இழுப்பார், நாம் ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்போம். அதற்குப் பதிலாக ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம் என்கிறார்கள். ஸ்டிக்கர் ஒட்டின புல்லட்டை என் கையால் வெளியே அனுப்ப எனக்கு முடியவில்லை.

இவ்வளவும் இருந்தும் நான் விட்டிருக்க மாட்டேன். ஆயில் கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையம், அந்த ஆயில் சீலால் ஒரு விஷயம் நடந்தது, அதற்குப் பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

போன வருஷம் குடவாசல் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் தன் யெஸ்டி ரோட்கிங்கைக் கொண்டுவந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய வண்டி, பதினைந்து வருஷமாக வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்றது. எட்டு மாதம் உழைத்தேன். கிராங்க் பிரித்து ராட் கிட் போட்டு, ரீபோர் அடித்து, ரிம் ரெண்டும் குரோம் ஏற்றி, ஸ்போக் கோத்து, ரெண்டு சைலன்சரும் பளபளவென்று. மனுஷன் வந்து பார்த்துவிட்டு சீட்டை மட்டும் தடவிக்கொண்டே நின்றார், ஒன்றும் பேசவில்லை. மூன்றே வாரம். வெள்ளைப் புகை அடித்திருக்கிறது. டூ ஸ்ட்ரோக் என்றால் புகை வரத்தானே செய்யும் என்று நினைத்து அவர் திருவாரூர் வரை ஓட்டிவிட்டார். உனக்குச் சொல்லவே வேண்டாம், கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல் வழியாக கியர்பாக்ஸ் ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக் குடித்து எரித்துக்கொண்டே போயிருக்கிறது. ஆயில் காலி, கியர் பல் தேய்ந்து ஊளையிட்டு, கடைசியில் இறுகி நின்றுவிட்டது. குட்டி யானையில் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. 'பார்த்துக் குடுங்க தம்பி' என்றார். திட்டியிருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பேன்.

இரவு இன்ஜின் கேஸைப் பிரித்து அந்தச் சீலை வெளியே எடுத்தேன். நல்ல சீல் என்றால் உதட்டை நகத்தால் அழுத்தினால் வளைந்து கொடுத்துத் திரும்பும் இல்லையா, இது பாட்டில் மூடி மாதிரி இருந்தது. உள்ளே இருக்கிற சுருள் ஸ்பிரிங் ஒரு பக்கம் தளர்ந்து கிடந்தது. நல்ல கடை என்று பெயரெடுத்த இடத்தில்தான் வாங்கியது. ஒரு டஜன் வாங்கி வைத்திருந்தேன், எல்லாவற்றையும் கொட்டி, நுணுக்கமாக அளக்கிற வெர்னியரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே பெட்டி, ஒரே நம்பர், ஆனால் அளவு ஒன்றுக்கொன்று சேரவில்லை. நம்பிப் போடலாம் என்று தேறியது ஐந்து. நூறு ரூபாய்கூடப் பெறாத வளையம் மாப்ளே, எட்டு மாத வேலையைத் தின்றுவிட்டது. ஆசிரியருக்குச் செலவு என்னுடையது என்று சொல்லி மறுபடி கட்டிக் கொடுத்தேன், இப்போது நன்றாக ஓடுகிறது.

தேறின ஐந்தில் ஒன்றை அவர் வண்டிக்கே போட்டேன். மீதி நாலு இருக்கிறது என்று பட்டுக்கோட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அந்த வாரமே நாலும் போய்விட்டது. காரைக்காலிலிருந்து ஒருவர் பஸ்ஸில் வந்து ஒரே ஒரு சீல் வாங்கிப் போனார். ஒரு சீலுக்காகப் பஸ் ஏறி வருகிறார் என்றால் அவர் ஊரில் மெக்கானிக் இல்லாமல் இல்லை, போட சாமான் இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் வருஷம் பூராவும் கஷ்டப்பட்டு நாலு வண்டியை எழுப்புகிறேன், இங்கே அளந்து பார்த்த சீல் கிடைத்ததில் ஒரே வாரத்தில் நாலு வண்டி ஓடுகிறது. கை சுத்தமான மெக்கானிக் டெல்டாவில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் நல்ல பொருளைக் கொடுக்கிற ஆள்தான் குறைவு.

எந்த வண்டிக்கு என்பதிலும் ரொம்ப யோசித்தேன். புல்லட்டை நான் அதிகம் தொடப் போவதில்லை. 1955இல் திருவொற்றியூரில் மெட்ராஸ் மோட்டார்ஸ்காரர்கள் ஆரம்பித்ததிலிருந்து வார்ப்பிரும்பு இன்ஜின் நின்ற காலம் வரைக்கும் 350க்கு சிலிண்டர் விட்டம் அதே 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம் அதே 90 மில்லிமீட்டர். அவ்வளவு வண்டி ஊருக்குள் ஓடுகிறது, அதனால் சாமான் செய்கிறவனும் ஏகப்பட்ட பேர். ஜாவாவும் யெஸ்டியும் அப்படியில்லை. ரெண்டையும் செய்த மைசூர் கம்பெனி 1996இல் மூடினதோடு சரி. யமஹா ஆர்எக்ஸ் 100ம் 1985இல் வந்து அதே 1996இல் நின்றது, ஆனால் அதற்குப் பையன்களிடம் கிராக்கி இருப்பதால் நல்லதோ கெட்டதோ ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. யெஸ்டிக்காரர்கள்தான் பாவம். 2018இல் ஜாவா பெயரில் புது வண்டி வந்த பிறகு வாரத்துக்கு ஒருவராவது போன் பண்ணி, புது வண்டி சாமான் பழசுக்குச் சேருமா என்று கேட்கிறார்கள். அது ஃபோர் ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிர்கிற இன்ஜின், பெயரைத் தவிர எதுவும் சேராது என்று ஒவ்வொருவரிடமும் விளக்கிச் சொல்கிறேன்.

இப்போது பெட்ரோல் வேறு மாறிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறதா, பழைய ரப்பர் தாங்கவில்லை. பெட்ரோல் டியூப் ஊதிப்போய் மெத்தென்று ஆகிவிடுகிறது, பெட்ரோலைத் திறந்து மூடுகிற டேப்பில் கசிவு. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், ரெண்டு மாதம் ஓட்டாமல் வைத்தால் டேங்க்குக்குள் துரு. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து வண்டிகள் ஏற்கெனவே உப்புக் காற்றில் வெளியே அரிக்கும், இப்போது உள்ளேயும். அதனால் டியூபும் வாஷரும் விட்டான் ரப்பரில்தான் எடுக்கிறேன். விலை கூடுதல்தான், ஆனால் எத்தனாலைத் தாங்கும்.

ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். புல்லட்டைத் தொடமாட்டேன் என்றேனே, அதில் ஒன்று மட்டும் விதிவிலக்கு. பிஸ்டனைத் தாங்குகிற ராடின் மேல் முனையில் போடுகிற உலோக வளையம், புஷ். கடையில் கிடைக்கிறது பாதி பித்தளை கலந்தது, சீக்கிரம் ஆட்டம் கொடுத்துவிடும். நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கிற குடும்பம் ஒன்று பழக்கமானது. நான் கொடுத்த கன்மெட்டலை, செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை, அவர்கள் வண்டல் மண் அச்சில் உருளையாக ஊற்றிக் கொடுத்தார்கள். முதல் உருளையில் சின்னச் சின்னக் காற்றுப் புழை, லேத்தில் கடைந்ததும் தெரிந்துவிட்டது. விளக்குக்கு அது குறையில்லை, தேய்த்து மெருகேற்றினால் தெரியாது, புஷ்ஷுக்கு ஆகாது என்று காட்டினேன். பெரியவர் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த தடவை மண்ணை இன்னும் நன்றாகக் காயவைத்து ஊற்றினார். கடைந்தபோது சீவல் ஒரே நிறத்தில், பொன் மாதிரி சுருண்டு விழுந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை உனக்குத்தான் சொல்ல முடியும். காவிரி மண்ணில் வார்த்த புஷ் இப்போது ஏழெட்டு புல்லட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மயிலாடுதுறையில் நாம் சின்ன வயதில் மேஸ்திரிக்காக சாமான் வாங்கப் போவோமே, அந்தக் கடையை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் எல்லாம் வெளியூர். பரணில் கிடந்ததை மொத்தமாகப் பேசி எடுத்துக்கொண்டேன், ரெண்டு நடை வண்டி ஓடியது. பெட்டிகளை எலி கடித்திருக்கிறது, ஆனால் மெழுகுக் காகிதத்தில் சுற்றின சாமான் சுற்றினபடியே இருக்கிறது. ஒரு கிக்கர் ஷாஃப்டைப் பிரித்தேன். கிரீஸ் பழுப்பேறி, வெல்லப்பாகு மாதிரி இறுகிப்போயிருந்தது, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தால் பல் வரிசை ஒவ்வொன்றும் கூராக, நேற்றுக் கடைந்தது போல. ஒரே லிவரில் கிக்கரும் கியரும் வருகிற வண்டிக்கு அந்தப் பல் தேய்ந்துவிட்டால் வேறு வழியே இல்லை, உனக்குத் தெரியும். அப்படி ஆறு ஷாஃப்ட் கிடைத்தது. ஆறையும் விற்றுவிட மனசில்லை, ஒன்றை மட்டும் அளவு எடுப்பதற்கென்று வைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நான் செய்கிற எதிலும் கம்பெனி முத்திரை குத்தமாட்டேன். குத்தித் தரச் சொல்லி ஒருவர் கேட்டார், ரெண்டு மடங்கு விலைக்குப் போகும் என்றார். வாங்குகிறவன் ஒரிஜினல் என்று நம்பித்தானே காசு கொடுக்கிறான். பழைய ஸ்டாக் என்றால் பழைய ஸ்டாக், நான் செய்தது என்றால் நான் செய்தது, பில்லிலேயே எழுதிவிடுகிறேன். பில் எல்லாம் மகள் பொறுப்பு. வெளி மாநிலத்துக்குச் சரக்கு போனால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பதால் அதை எடுத்தாயிற்று. 2025 செப்டம்பர் 22இலிருந்து பார்ட்ஸுக்கு வரி 28இலிருந்து 18 ஆகிவிட்டது, அந்த நேரத்தில் ஆரம்பித்தது நல்லதாகப் போயிற்று. ஒவ்வொரு சாமானையும் ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்து போட்டோ எடுத்து அனுப்புகிறாள். பாலக்காட்டுக்கும் புனேக்கும் பார்சல் போகிறது.

வருத்தம் இல்லாமல் இல்லை. வருஷக்கணக்காக ஊமையாக நின்ற வண்டி முதல் கிக்கில் ரெண்டு தடவை இருமிவிட்டு மூன்றாவதில் பிடிக்குமே, அப்போது வண்டிக்காரர் முகத்தைப் பார்ப்போமே, அது இனி எனக்கு இல்லை. இப்போது போனில் வாய்ஸ் மெசேஜாக வருகிறது. நேற்று நாகர்கோவிலிலிருந்து ஒரு பையன் தாத்தா வண்டி ஸ்டார்ட் ஆன சத்தத்தை அனுப்பியிருந்தான், பின்னால் ஒரு அம்மா அழுகிற சத்தம் கேட்டது. நாலு தடவை போட்டுக் கேட்டேன்.

அப்புறம், உன் 1972 மாடல் ஜாவாவுக்கு வின்டேஜ் பதிவு எடுக்கச் சொல்லி மகன் சொல்வதாகச் சொன்னாயே. 50 வருஷம் தாண்டிவிட்டது, 2021 விதிப்படி எடுக்கலாம்தான். ஆனால் புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், அதைவிட முக்கியம், எடுத்துவிட்டால் தினசரி ஓட்ட முடியாது. நீ தினமும் காய்கறி வாங்கப் போகிற வண்டி. ஆர்சியைச் சாதாரணமாகப் புதுப்பித்தாலே போதும், அதை விட்டுவிடாதே.

கடைசியாக ஒரு உதவி. மேஸ்திரியின் ரீமர் செட், புஷ் துளையைச் சரியான அளவுக்குச் சீவுகிற கருவிகள், மரப்பெட்டியில் இருக்குமே, அது உன்னிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இப்போது கிடைக்கிற ரீமரில் நாலு புஷ் அடித்தால் முனை மழுங்கிவிடுகிறது. பெட்டியைத் திறந்து எந்தெந்த அளவு இருக்கிறது என்று மட்டும் பார்த்து எழுது. பார்சலில் போடாதே, வழியில் எங்காவது தவறிவிட்டால் எனக்குத் தாங்காது. சித்திரையில் எப்படியும் ஊருக்கு வருவாய், கையோடு கொண்டுவா. அந்த மூன்று வண்டியில் கடைசி வண்டி அதற்குள் முடிந்துவிடும், முதல் கிக் நீ அடி.

அன்புடன்,
உன் மாப்ளே