மார்கரீத் சாகும்போது சிரித்தோம்

மதிப்பிற்குரிய திரைப்படச் சங்கச் செயற்குழுவினருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மாலை நம் சங்கத் திரையிடலில் நடந்தது உங்களுக்கும் தெரியும். பின்வரிசையில்தான் நீங்களும் இருந்தீர்கள்.

1852-இல் பாரிஸில் மேடையேறிய அலெக்சாந்தர் தூமா மகனின் சோக நாடகத்தை, 1921-இல் நடிகை நாசிமோவா தன் காலத்துப் பாரிஸுக்கே இழுத்துவந்த மௌனப் படம் 'கமீல்'. கடைசிக் காட்சியில் அவர் நடித்த கதாநாயகி மார்கரீத் காசநோயில் சாகக் கிடக்கிறாள். கடனுக்கு ஜப்தி செய்ய ஆட்கள் வந்து நிற்கிறார்கள். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், காதலன் அர்மான் கொடுத்த 'மனோன் லெஸ்கோ' புத்தகத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறாள். நாடகத்தில் அர்மான் சாகுமுன் வந்து சேர்ந்துவிடுவான். படத்தில் வருவதில்லை. அவளுக்கு மிஞ்சுவது அந்தப் புத்தகம்தான்.

நம் அரங்கில் ஜப்திக்காரர்கள் எறும்புப் புற்றில் தண்ணீர் ஊற்றியதுபோல ஓடினார்கள். அவள் கை வெடுக்கென்று புத்தகத்துக்குப் போய் வெடுக்கென்று திரும்பியது. முன்வரிசைப் பையன் ஒருவன் சிரித்தான், பிறகு அரங்கமே சிரித்தது. பக்கத்திலிருந்த பெரியவர், "சாப்ளின் படமா தம்பி?" என்று என்னிடம் கேட்டார். அவர்கள் யார் மீதும் தப்பில்லை.

கையால் சுழற்றிய கேமராவில் நொடிக்கு 16, 18, 20 சட்டகம் (பிரேம்) என்று எடுத்த காலம் அது. 24 நிலைத்தது பேசும் படம் வந்த பிறகு. பழைய படத்தையும் அந்த 24-இலேயே ஓட்டினால் சாவும் கூத்தாகிவிடும். மௌனப் படத்தை அதன் வேகத்தில் ஓட்டுங்கள், அதன் சட்டக அளவில் காட்டுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

சட்டக அளவு என்றேனே, அதுவும் போயிற்று. ஏறக்குறையச் சதுரமான படத்தை அகலத் திரையில் நிரப்ப மேலும் கீழும் வெட்டினீர்கள். நாசிமோவாவின் பம்மென்ற சுருட்டை முடி பாதி காணோம். வசன அட்டைகளில் கடைசி வரி காணோம். இந்தப் படத்தில் புதுக்காலம் தெரிவதே நடாஷா ராம்போவாவின் அரங்க அமைப்பில்தான். அவர் போட்ட வட்டங்களும் வளைவுகளும் நம் திரையில் உடைந்த அப்பளமாக நின்றன.

ஆண்டு விழாவில் சால்வைக்கும் பூச்செண்டுக்கும் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. படத்தை முன்கூட்டி ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்கத்தான் நேரமில்லை போலும். சந்தா வசூலில் மட்டும் வேகம் ஒருநாளும் குறைந்ததில்லை. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நம் நடராஜ முதலியாரின் 'கீசக வத'த்தில் ஒரு துண்டு கூட மிஞ்சவில்லை. மிஞ்சிய படங்களையாவது நாம் கெடுக்காமல் இருக்கலாமே. கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள்.

அடுத்த மாதம் 'பாண்டோராவின் பெட்டி' என்று அறிவித்திருக்கிறீர்கள். ஜெர்மன் நாடகாசிரியர் வேடகிண்டின் இரண்டு நாடகங்களிலிருந்து இயக்குநர் பாப்ஸ்ட் 1929-இல் எடுத்த மௌனப் படம். அதன் நாயகி லூயிஸ் புரூக்ஸின் நெற்றி முடியாவது முழுசாகத் தெரியட்டும். வேகமும் சட்டகமும், இரண்டே இரண்டு. அன்று அரை மணி முன்னதாக வந்து படக்கருவி இயக்குபவரோடு உட்கார்ந்து சரிபார்க்க நான் தயார். அனுமதிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏழு வருடமாகச் சந்தா கட்டும் உறுப்பினன்