தீர்ப்பின் பொருளைக் கேட்க நேரடி வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டியவன் நான். 2004இல் வேலையிலிருந்து நீக்கினார்கள். 2011இல் தொழிலாளர் நீதிமன்றம், பணித் தொடர்ச்சியுடன் (இடையில் வேலை அறுபடாததுபோல் கணக்கிட்டு) மீண்டும் வேலையும் பாதிச் சம்பள பாக்கியும் தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. அன்று வீட்டில் பாயசம் வைத்தோம்.

அப்புறம் நிர்வாகம் ஒரு கணக்குத் தாள் கொடுத்தது. 84 மாதம், 84 வரி. முதல் வரியில் 4,200 ரூபாய். கடைசி வரியிலும் அதே 4,200. பாதி போட்டு மொத்தம் 1,76,400. ஏழு வருஷத்தில் ஒரு இன்கிரிமென்ட்கூட ஏறவில்லை. கேட்டதற்கு, "தீர்ப்பில் அப்படி எழுதவில்லையே" என்றார்கள்.

சரி, தீர்ப்பு எழுதிய நீதிபதியிடமே கேட்கலாம் என்று போனோம். தீர்ப்பு வெளியாகி 30 நாள் கடந்தால் வழக்கு அவர் கையை விட்டுப் போய்விடுகிறதாம். எழுத்துப் பிழை, கூட்டல் பிழை இருந்தால் திருத்தலாம், அவ்வளவுதான். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் 36ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. தீர்ப்பின் பொருளில் சந்தேகம் வந்தால் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பி விளக்கம் பெறலாம். ஆனால் அனுப்ப வேண்டியது அரசு. நாங்கள் மனுக் கொடுத்துக் காத்திருந்ததுதான் மிச்சம்.

கடைசியில், வர வேண்டிய பணத்தைத் தொழிலாளர் நீதிமன்றமே கணக்கிட்டுச் சொல்லும் அதே சட்டத்தின் 33சி(2) பிரிவில் பணம் கேட்டுப் போனேன். அந்தக் கணக்கைப் போடும்போது தீர்ப்புக்குப் பொருளும் சொல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் 1963இலேயே கூறியிருக்கிறது. எனக்குக் குறுக்கே நின்றது 2003இல் ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது: பணித் தொடர்ச்சி என்று மட்டும் இருந்தால் இன்கிரிமென்ட் தானாக வராது, தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். தோற்றுப்போனேன். எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதுதான் ஆறவில்லை.

தீர்ப்பை மாற்றும் அதிகாரம் கேட்கவில்லை. அதைக் கொடுத்தால் நிர்வாகமும் புது மனுவோடு வந்து நிற்கும், எந்த வழக்கும் முடியாது. எழுதியதற்கு என்ன பொருள் என்று கேட்க மட்டும், அரசின் தயவில்லாமல் தொழிலாளி நேராக நீதிமன்றத்துக்குப் போக வழி வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுத் தொகுப்பு என்ற புதுச் சட்டம் வந்திருக்கிறது. அதன்கீழ் இந்த வழியைத் தெளிவாகத் திறந்துவிட வேண்டும்.

இப்போது வழக்குப் போடுகிற தம்பிகளுக்கு ஒன்று: இன்கிரிமென்ட், பி.எஃப்., சீனியாரிட்டி மூன்றையும் முதல் மனுவிலேயே தனித்தனியாகக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டர்னர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு